கம்பெனி மோடமும் சொந்த ரவுட்டரும்: வீட்டு ஃபைபர் இணைப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே இழுப்பார். இழுத்த இடத்திலேயே சுவரில் பெட்டியை மாட்டுவார். ஹாலில் நின்று போனில் ஸ்பீடு காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்திய பிறகுதான் தெரியும், அந்த வேகம் இரண்டு செங்கல் சுவரைத் தாண்டி வரவில்லை என்று.

அடுத்து நடப்பதும் பல வீடுகளில் ஒன்றுதான். நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து, கம்பெனி பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எடுத்து அதில் செருகுவார்கள். வைஃபை எட்டாத இடத்துக்கெல்லாம் எட்டும். ஆனால் இப்போது வீட்டில் இரண்டு வைஃபை பெயர்கள். ஒன்றில் இருக்கும் போனுக்கு மற்றதில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. போனில் இருக்கும் படத்தை டிவிக்கு அனுப்ப முடியாது. பையன் விளையாடும் கேமில் நண்பர்களோடு சேர முடியாது. ரவுட்டர் சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ரவுட்டரில் ஒரு குறையும் இல்லை. ஒரே வேலையை இரண்டு பெட்டிகள் செய்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

வழி பிரிக்கும் வேலையை வீட்டில் ஒரு பெட்டி மட்டும் செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான். எந்தப் பெட்டி என்று முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அரை நாள் வேலை.

அந்தப் பெட்டி என்னென்ன செய்கிறது

நாம் பழக்கத்தில் மோடம் என்று சொல்கிறோம். டெக்னீஷியன்கள் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்பார்கள். அதற்குள் மூன்று நான்கு வேலைகள் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன.

முதல் வேலை, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது. நம் வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் வகை. ஒரு இழையில் விநாடிக்கு 2.488 ஜிகாபிட் கீழே வரும், 1.244 ஜிகாபிட் மேலே போகும். அதைத்தான் தெருக்கம்பத்துப் பெட்டியில் பிரித்து 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிட்டுக்கொள்கின்றன. உங்கள் பெட்டியின் சீரியல் எண் கம்பெனியின் பக்கம் பதிவாகியிருக்கும். அதனால் கடையில் வாங்கிய எந்தப் பெட்டியையும் அந்த இழையில் நேராகச் செருகி ஓட்டிவிட முடியாது. இந்த வேலை கம்பெனி பெட்டியிடமே இருக்கட்டும்.

இரண்டாவது, வழி பிரிப்பது. வெளியே ஒரு முகவரி, உள்ளே இருபது சாதனங்கள்; யாருக்கு வந்தது எது என்று பார்த்துக் கொடுப்பது. மூன்றாவது, வைஃபை. நான்காவது, லேண்ட்லைன் போன் இணைப்பு இருந்தால் அதையும் இந்தப் பெட்டிதான் நடத்துகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் நாம் சொந்த ரவுட்டருக்கு மாற்றப் போகிறோம்.

உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் சிலர் வைஃபையே இல்லாத, ஒரே ஒரு துளை மட்டும் உள்ள சின்னப் பெட்டியைக் கொடுப்பார்கள். அது அநேகமாக முதல் வேலையை மட்டும்தான் செய்யும். உங்களுடையது அப்படி என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ரவுட்டர் வாங்கும் முன்

கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்ட் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போங்கள். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஏதாவது குழம்பினால் இந்தப் படங்கள்தான் உங்களைக் காப்பாற்றும்.

"வேன்" (WAN, அதாவது வெளி இணையத்தின் பக்கம்) அல்லது "இன்டர்நெட்" என்ற பக்கத்தில் இணைப்பின் வகை தெரியும். பிபிபிஓஇ என்று இருந்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வைத்து நுழையும் இணைப்பு. டிஎச்சிபி அல்லது ஐபிஓஇ என்று இருந்தால் அப்படி எதுவும் இல்லை, பெட்டியைப் பார்த்தே அனுமதிக்கிறார்கள். பக்கத்திலேயே விலேன் எண் (VLAN, ஒரே இழையில் வரும் இணையம், போன் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாள எண்) ஒன்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் வெளி முகவரியையும் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், கம்பெனியே தன் பக்கத்தில் ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். இந்தத் தொகுதியை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அப்படியானால் வெளியூரிலிருந்து நேராக வீட்டுக் கேமராவைப் பார்ப்பது போன்ற வேலைகள், எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் பழைய ஐபிவி4 முகவரி வழியாக நடக்காது. அதற்கு நிலையான முகவரியைத் தனியாகக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

அப்புறம் துளைகள். சில பெட்டிகளில் நான்கு லேன் துளைகள் (வீட்டுச் சாதனங்களுக்குக் கேபிள் செருகும் இடம்) இருந்தாலும் முதலாவது மட்டும்தான் ஜிகாபிட். மற்றவை 100 எம்பிபிஎஸ். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் வேகம் 94க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால், இதுவோ கேபிளோதான் காரணம். கேபிளில் எட்டுக் கம்பிகளும் முடிந்திருக்க வேண்டும். நான்கு கம்பிகளை மட்டும் கிரிம்ப் செய்த பழைய கேபிள் 100இல் நின்றுவிடும்.

கடையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பழைய டெலிபோன் ஒயர் பிராட்பேண்டுக்கான ஏடிஎஸ்எல் மோடம் ரவுட்டர்கள் இன்னும் சில கடைகளில் கிடக்கின்றன. அது வேண்டாம். லேன் கேபிள் போகிற அளவுக்கு அகலமான, "வேன்" என்று எழுதிய துளை உள்ள ரவுட்டர்தான் நமக்கு வேண்டும். துளைகள் எல்லாம் ஜிகாபிட் என்றும், ஆக்சஸ் பாயின்ட் மோட் (வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) உண்டு என்றும் டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

முதல் வழி: ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக வைப்பது

வைஃபை எட்டவில்லை என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வழி பிரிக்கும் வேலை கம்பெனி பெட்டியிடமே இருக்கும். உங்கள் ரவுட்டர் வைஃபை மட்டும் கொடுக்கும். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

புது ரவுட்டரை லேப்டாப்போடு இணைத்து, அதன் பக்கத்துக்குள் போய், "ஆபரேஷன் மோட்" என்ற இடத்தில் ஆக்சஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துச் சேமித்துவிட்டு, கம்பெனி பெட்டியின் லேன் துளையிலிருந்து கேபிளைக் கொண்டுவந்து செருகினால் முடிந்தது.

உங்களிடம் இருக்கும் பழைய ரவுட்டரில் அந்த மோட் இல்லையா? அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல, கம்பெனி பெட்டியின் வரிசையிலேயே, வேறு யாருக்கும் போகாத ஒன்றாக மாற்றுங்கள். டிஎச்சிபியை, அதாவது சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். இந்தக் கடைசி வரியில்தான் பலரும் தவறுகிறார்கள்.

இந்த வழியில் ஒரு இழப்பு உண்டு. குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு, விபிஎன் போன்ற ரவுட்டரின் சிறப்பு வசதிகள் ஆக்சஸ் பாயின்ட் மோடில் பெரும்பாலும் அடங்கிவிடும். அவற்றுக்காகத்தான் ரவுட்டர் வாங்கினீர்கள் என்றால் அடுத்த வழிக்கு வாருங்கள்.

இரண்டாவது வழி: பிரிட்ஜ் மோட்

என் கருத்தில் முறையான வழி இதுதான். கம்பெனி பெட்டி ஒளியை மாற்றும் வேலையை மட்டும் பார்க்கும். மற்ற எல்லாமே உங்கள் ரவுட்டர். வெளி முகவரி நேராக உங்கள் ரவுட்டருக்கே வரும். பிபிபிஓஇ இணைப்புகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன். மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்: பெட்டியை பிரிட்ஜ் மோடில் மாற்ற வேண்டும்; பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும்; வாய்ஸ் இணைப்பு இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, இந்த நுழைவு விவரங்களை வாடிக்கையாளர் கேட்காமலேயே, இலவசமாக, எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நாம் இங்கே விடாமல் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கேளுங்கள், தயங்காதீர்கள்.

மூன்றாவது கோரிக்கையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாற்றியபோது வந்தவர் வேன் பட்டியலில் இருந்த எல்லா வரிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை மட்டும் போட்டுவிட்டார். இணையம் வந்தது, அவரும் போய்விட்டார். லேண்ட்லைன் செத்துவிட்டது. ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் ஒன்றுதான் தெரியும். அப்பா நான்கு நாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எடுத்து வைத்திருந்த பழைய படத்தைக் காட்டிய பிறகுதான் வாய்ஸ் வரியைத் திரும்பப் போட்டார்கள்.

கம்பெனி ஆள் வருவதற்கு முன்பே உங்கள் ரவுட்டரைத் தயார் செய்துவிடலாம். வேன் வகை பிபிபிஓஇ. யூசர்நேமை எழுத்து பிசகாமல் தட்டுங்கள். ரவுட்டரின் உள் முகவரியைக் கம்பெனி பெட்டியின் வரிசையில் இல்லாத ஒன்றாக, உதாரணமாக 192.168.50.1 என்று வையுங்கள்.

பெட்டியின் உள்ளே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சில கம்பெனிகள் நம்மையே செய்ய விடும், சில பெட்டிகளில் அந்தப் பக்கம் பூட்டியிருக்கும். வேன் பட்டியலில் இன்டர்நெட் என்று குறித்த வரியைத் திறந்து, ரவுட் என்பதை பிரிட்ஜ் என்று மாற்றுங்கள். விலேன் எண்ணை மாற்றாதீர்கள். அந்த வரியை முதல் லேன் துளையோடு கட்டுங்கள். வாய்ஸ், டிஆர்069 (கம்பெனி தூரத்திலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வழி) என்று குறித்த மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம். பெட்டியின் வைஃபையை இரண்டு அலைவரிசையிலும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் வீட்டில் யாருடைய போனாவது அதில் ஒட்டிக்கொண்டு, நெட் வரவில்லை என்று சொல்லும்.

இப்போது முதல் லேன் துளையிலிருந்து உங்கள் ரவுட்டரின் வேன் துளைக்குக் கேபிள். இரண்டையும் அணைத்து, முதலில் கம்பெனி பெட்டியைப் போடுங்கள். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு சிமிட்டாமல் நிலையாகப் பச்சையில் நின்ற பிறகு ரவுட்டரைப் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் முகவரி வந்துவிட வேண்டும்.

வரவில்லை என்றால் என்ன பார்ப்பது? பாஸ்வேர்ட் தவறு என்று காட்டினால் உண்மையிலேயே தவறாக இருக்கலாம், அல்லது பழைய இணைப்பு கம்பெனி பக்கத்தில் இன்னும் மூடப்படாமல் இருக்கலாம். ஒரு யூசர்நேமில் ஒரு இணைப்புக்குத்தான் பெரும்பாலும் இடம். இரண்டு பெட்டிகளையும் அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். எந்தப் பதிலுமே இல்லாமல் தேடிக்கொண்டே இருந்தால் விலேன்தான் சந்தேகம். விலேன் அடையாளத்தைப் பெட்டியே கழற்றிவிட்டால் ரவுட்டரில் எதுவும் போடக்கூடாது. கழற்றாமல் அனுப்பினால் ரவுட்டரில் அதே எண்ணைப் போட வேண்டும். பல ரவுட்டர்களில் அந்த இடம் ஐபிடிவி என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். சில உள்ளூர் ஆபரேட்டர்கள் பழைய பெட்டியின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) கணக்கைக் கட்டி வைத்திருப்பார்கள். அப்போது ரவுட்டரில் மேக் க்ளோன் என்ற இடத்தில் பழைய முகவரியைக் கொடுங்கள், அல்லது புதியதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இணையம் வந்துவிட்டது, ஆனால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்குகின்றன என்றால் எம்டியு என்ற அளவைப் பாருங்கள். ஒரு தகவல் பொட்டலம் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்பது அது. சாதாரணமாக 1500. பிபிபிஓஇ தன் உறைக்காக 8 பைட் எடுத்துக்கொள்ளும். ஆகவே ரவுட்டரில் 1492 என்று இருக்க வேண்டும்.

சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள, ரவுட்டரின் முதல் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அது 192.168 என்று தொடங்கினால் பெட்டி இன்னும் பழையபடி வழி பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டிஆர்069 வழியாகக் கம்பெனி தூரத்திலிருந்தே பெட்டியின் அமைப்பை மாற்ற முடியும். மென்பொருள் புதுப்பித்த ஒரு ராத்திரியில் பிரிட்ஜ் போய்ப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் பதறாதீர்கள். அதே மாற்றத்தை மறுபடி செய்தால் போதும்.

மூன்றாவது வழி: பிரிட்ஜ் கிடையாது என்று சொல்லிவிட்டால்

சில இணைப்புகளில் பிரிட்ஜ் தரவே மாட்டார்கள். ரவுட்டரின் வசதிகளும் உங்களுக்கு வேண்டும். அப்போது இரண்டு பெட்டிகளும் வழி பிரிப்பதைச் சகித்துக்கொண்டு, சேதத்தைக் குறைக்கலாம். வலை பார்ப்பது, வீடியோ, வாட்ஸ்ஆப் அழைப்பு, யுபிஐ எதுவும் இதனால் கெடாது. கேம் கன்சோல்கள்தான் முணுமுணுக்கும்.

இரண்டு பெட்டிகளின் உள் முகவரி வரிசையும் வேறு வேறாக இருக்கட்டும். கம்பெனி பெட்டியில் உங்கள் ரவுட்டருக்கு எப்போதும் ஒரே முகவரி போகும்படி ஒதுக்குங்கள். பிறகு டிஎம்இசட் என்ற பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள். வெளியிலிருந்து வருவதையெல்லாம் கம்பெனி பெட்டி யோசிக்காமல் உங்கள் ரவுட்டருக்குத் தள்ளிவிடும்; தடுப்பதும் விடுவதும் உங்கள் ரவுட்டரின் பொறுப்பு. கம்பெனி பெட்டியின் வைஃபையை நிறுத்திவிட்டு, எல்லா சாதனத்தையும் உங்கள் ரவுட்டரின் பின்னாலேயே வையுங்கள். பிரிண்டரும் போனும் ஒன்றையொன்று காணாத தொல்லை அதோடு தீரும். புது வகை முகவரியான ஐபிவி6 வரவில்லை என்றால் ரவுட்டரில் அதைப் பாஸ்த்ரூ என்று வைத்துப் பாருங்கள்.

வைஃபையும் கேபிளும்

எந்த வழியாக இருந்தாலும், புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுங்கள். டிவி, கேமரா, பாட்டியின் போன் எதையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்காது. கொஞ்சம் பழைய ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும், அதை அணைத்துவிடாதீர்கள். 2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது 3. டபிள்யூபிஎஸ்ஸை (பட்டனை அழுத்தி இணைக்கும் வசதி) நிறுத்துங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

ரவுட்டர் வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், தலை உயரத்தில் இருக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னாலும் டிவி ஸ்டாண்டுக்குள்ளும் வைத்தால் வாங்கியதே வீண். இதற்காகக் கம்பெனி பெட்டியை இடம் மாற்ற நினைக்காதீர்கள். ஃபைபர் கூர்மையாக வளைந்தால் ஒளி கசியும், உடைந்தால் ஒட்டுவதற்கு இயந்திரத்தோடு ஆள் வர வேண்டும். பெட்டி வாசல் பக்கமே இருக்கட்டும். அங்கிருந்து ஹாலுக்கு லேன் கேபிளை இழுங்கள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கரண்ட் ஒயர் போகிற அதே பைப்பில் மட்டும் நுழைக்க வேண்டாம். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

கரண்ட் போனால் இரண்டு பெட்டியும் ஓட வேண்டும் என்பதை மறந்துவிட்டு ரவுட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12 இருக்கும். ஒரே யூபிஎஸ்ஸில் இரண்டையும் மாட்டுவதானால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டி, அதைத் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழுது வந்தால்

சொந்த ரவுட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும், கோளாறு உங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் போன் செய்யும் முன் நீங்களே பிரித்துப் பாருங்கள். கம்பெனி பெட்டியில் ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபர் பழுது, ரவுட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பான் பச்சையாக இருந்தும் நெட் இல்லையென்றால், ரவுட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைப் பெட்டியின் அதே துளையில் நேராகச் செருகுங்கள். பிரிட்ஜ் மோடில் இருந்தால் விண்டோஸிலேயே பிபிபிஓஇ இணைப்பு ஒன்றை உருவாக்கி அதே யூசர்நேமில் நுழையலாம். நுழைய முடிந்தால் குறை ரவுட்டரில். முடியாவிட்டால் பெரும்பாலும் கம்பெனி பக்கம்தான்.

பெட்டியின் ஆப்டிகல் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவும் டிபிஎம் (dBm) கணக்கில் இருக்கும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். நெட் மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் மோடமை அணைத்துப் போடுங்கள் என்பார்கள். ஒளி மைனஸ் 28 காட்டுகிறது என்று எண்ணோடு சொல்லிப் பாருங்கள், லைன்மேன் அன்றைக்கே வர வாய்ப்பு அதிகம்.